எட்டு மணி மாத்திரை

வாசுபூஜ்யனின் மாத்திரை தோற்றுப்போக வேண்டும் என்று தனசேகரன் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. அவனுக்குச் சாமி கும்பிடும் வழக்கம் இல்லை. இருந்திருந்தால் தேங்காயே உடைத்திருப்பான்.

இருவரும் டாக்டர்கள். இருவரும் புற்றுநோய் பார்க்கிறவர்கள். செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பு, அப்புறம் சென்னையில் ஒரே மருத்துவக் கல்லூரி. அத்தோடு பொருத்தம் முடிந்தது. வாசுபூஜ்யன் மேல்சித்தாமூரில் நிலமும் திண்டிவனத்தில் மண்டியும் உள்ள சமண வீட்டுப் பிள்ளை; ஊர் ஜனங்களுக்கு அது நயினார் வீடு. தனசேகரனின் நைனா அந்த நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கியவர். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவன் தனசேகரன். லண்டனுக்குப் போனவன் வாசுபூஜ்யன். பதக்கத்தைக் காட்டினால் கப்பலில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

நான்கு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், வாசுபூஜ்யன் ஒரு மாத்திரையோடும் ஒரு திட்டத்தோடும் திரும்பி வந்தான். வாய்ப் புற்றுக்கு அதுவரை கரண்டு வைப்பதுதான் வைத்தியம். கதிர்வீச்சை இந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். கரண்டோடு மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் நன்றாகக் கேட்குமா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்குக் கரண்டு மட்டும். பாதிப் பேருக்குக் கரண்டும் மாத்திரையும். யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. ஒட்டி வைத்த கவர்கள் வரிசையாக இருக்கும். நோயாளி வந்ததும் அடுத்த கவரைக் கிழித்து, உள்ளே இருக்கிற சீட்டில் உள்ளபடி செய்ய வேண்டும். டாக்டருக்கு இரக்கம் வரும், உறவு வரும். கவருக்கு ஒன்றும் வராது.

சென்னையில் ஐந்து வாரம் கரண்டு வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்க்கிற வேலை தனசேகரனுடையது. செஞ்சி ஆஸ்பத்திரியில் ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு நர்ஸ் மீனம்பாள், முப்பத்தொரு நோயாளிகள். மாத்திரைக்காரர்கள் காலை எட்டுக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று என்று மூன்று மாதம் சாப்பிட வேண்டும். அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைத் தின்றுவிடும் மாத்திரை; ஆகவே செவ்வாய்தோறும் அவர்களுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். கரண்டு மட்டும் வைத்துக்கொண்டவர்கள் மாதம் ஒருமுறை வந்து வாயைத் திறந்து காட்டினால் போதும். வராதவர்களைச் சைக்கிளில் போய்த் தேடிப் பிடிப்பதும் தனசேகரன்தான். வெயிலில் காய்கிறவன் அவன். அச்சில் வரப்போகிற பெயர் வாசுபூஜ்யனுடையது.

இந்த மாத்திரை வீண் என்பது தனசேகரனின் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் நியாயமான சந்தேகத்துக்குத் தூக்கம் கெடாது, நெஞ்சு எரியாது. அவனுக்கு இரண்டும் இருந்தன. வாசுபூஜ்யனின் கையெழுத்தைப் பார்த்தாலே எரிந்தது. நோயாளிகள் வந்ததும் வராததுமாக, “பெரிய டாக்டரு இன்னைக்கு வரலிங்களா?” என்று கேட்டால் எரிந்தது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே பட்டம். இவன் எப்படிச் சின்ன டாக்டர் ஆனான் என்று யாரும் யோசித்ததில்லை.

அவனுடைய சந்தேகத்துக்குச் சாட்சியாக வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் ருக்மணி அம்மாள், மேல்சித்தாமூர், வாசுபூஜ்யனுக்குச் சித்தி. இன்னொருத்தி மாரியம்மாள், அதே அம்மாளின் கொல்லையில் களை எடுக்கிறவள், தனசேகரனின் தெருக்காரி. இருவருக்கும் இடது கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்குகிற இடத்தில், ஒரே அளவுப் புண். ருக்மணி அம்மாளுக்குக் கிழித்த கவரில் மாத்திரை இருந்தது. மாரியம்மாளுக்குக் கிழித்ததில் வெறும் கரண்டு. இரண்டையும் கிழித்தவன் தனசேகரனே. ‘கவருக்குக்கூட நயினார் வீடு எது என்று தெரிந்திருக்கிறது’ என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

ஆனால் எட்டு வாரத்தில் இரண்டு புண்ணும் ஒன்றுபோல ஆறின. ஸ்கேல் வைத்து அளந்தான். நூலளவு வித்தியாசம் இல்லை. ஒரே மண், ஒரே புகையிலை, ஒரே புண், ஒருத்திக்கு மாத்திரை, ஒருத்திக்கு இல்லை, பலன் ஒன்று. தனசேகரன் அன்று இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றான்.

வாசுபூஜ்யன் கண்டதோ வேறு. சித்திக்கு வெள்ளை அணுக்கள் குறையவே இல்லை. மாத்திரையை உடம்பு நன்றாகத் தாங்குகிறது. ‘ராத்திரி மாத்திரையை இரண்டாக்கு’ என்று கடிதம் எழுதினான். தனசேகரன் பொட்டலத்தில் இரண்டாக வைத்து மடித்தான்.

புதன்கிழமை சென்னையில் கூட்டம். மாத்திரையைத் தொடரலாமா, வாசுபூஜ்யன் அதை எடுத்துக்கொண்டு ஜப்பானில் நடக்கும் மாநாட்டுக்குப் போகலாமா என்பதைத் துறைத் தலைவர் அங்கே தீர்மானிப்பார். இரண்டு பெண்களின் கணக்கையும் தனசேகரன் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி மடித்து வைத்திருந்தான்.

அதற்கு முந்தின நாள் செவ்வாய். ருக்மணி அம்மாள் வழக்கம்போல் ரத்தம் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாரியம்மாள் அன்று வரவேண்டிய ஆளே இல்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரோரம் தரையில் குந்தியிருந்தாள்.

“இன்னாக்கா, உனக்கு இன்னும் பத்து நாள் இருக்குதே?”

“வாயி வெந்துபோச்சு தம்பி. கஞ்சி கூட எறங்கல.”

டார்ச் அடித்துப் பார்த்தான். பழைய புண் இருந்த இடம் சுத்தம். ஆனால் நாக்கு, உதடு, தொண்டை எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம். ஈறில் ரத்தம் கசிந்தது. தலையில் கை வைத்தான். விரலோடு முடி வந்தது. இதே வாயை, இதே தலையை அவன் ஒன்பது பேரிடம் பார்த்திருக்கிறான். ஒன்பது பேரும் மாத்திரைக்காரர்கள்.

“அக்கா, இன்னா மாத்திரை துன்ற?”

“நானா? எனக்கு எவன் குடுத்தான் மாத்திரை? உன் கவர்லதான் இல்லியே.”

“முடி கொட்டுது.”

“வயசாவுது, கொட்டுது.”

ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த மீனம்பாள், “வயசு உனக்கு மட்டும் போன வாரந்தான் வந்துதா?” என்றாள்.

மாரியம்மாள் பெஞ்சுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

“நான்தான் குடுத்தேன் டாக்டர் தம்பி,” என்றார் ருக்மணி அம்மாள். “அவளக் கோவிக்காதீங்க. ராத்திரி மாத்திரைய அவளுக்குக் குடுத்துட்டேன்.”

“ஏன்?”

“ஏன்னா? எட்டு மணிக்கு நான் எப்படித் தம்பி சாப்புடுவேன்? பொழுது சாஞ்சா எங்க வீட்டுல பச்சத்தண்ணி கூடப் பல்லுல படாது. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். சுற்றுப்பட்டு ஊருக்கே தெரியும். நயினார் வீடுகளில் விளக்கு ஏற்றும் முன் அடுப்பு அணைந்துவிடும். அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்குப் பிறந்தவன் தனசேகரன். அந்த வீட்டிலேயே பிறந்தவன் வாசுபூஜ்யன். ஒருவன் ராத்திரி எட்டு மணி என்று திட்டம் போட்டான். இன்னொருவன் வாராவாரம் பொட்டலத்தின் மேல் அதை எழுதினான். இரண்டு பேருக்கும் படிப்பு கண்ணை மறைத்துவிட்டது.

“பொழுதோட போட்டிருக்கலாமே?”

“ரெண்டுக்கும் நடுவுல பன்னெண்டு மணி நேரம் விடணும், கிட்டக்கிட்ட போட்டா ஆபத்துன்னு வாசு கண்டிச்சுச் சொல்லியிருந்தானே.”

“அவர்கிட்டயாவது சொல்லியிருக்கணும்.”

“அவன் சீமைக்குப் போயி ராச்சோறு பழகிட்டான். அதெல்லாம் விடு சித்தின்னு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவான். மருந்த வீணாக்கறதும் பாவம். இவ சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்ட வருவா. பின்பக்கத்துச் சுவத்து மேல வைப்பேன், எடுத்துக்கினு போயிடுவா.”

காலிப் பொட்டலங்கள் செவ்வாய்தோறும் ஒழுங்காகத் திரும்பி வந்திருந்தன. அவன் எண்ணிச் சரி பார்த்து டிக் அடித்திருந்தான்.

“அவங்களா குடுக்கல, நான்தான் கேட்டேன்,” என்றாள் மாரியம்மாள். வாய் வலியிலும் குரல் எகிறியது. “ரெண்டு பேரும் ஒரே பொயலதான் போட்டோம். அவங்களுக்குக் கரண்டும் மாத்திரையும், எனக்கு மொட்டக் கரண்டு. வயிறு எரியாதா?”

“அது சீட்டுக்கா. யாருக்கு வேணா வரும். ஓரவஞ்சனை இல்ல.”

“எந்தச் சீட்டு நம்ம தெருவுல வந்து வியுந்திருக்குது, நீ சொல்லு.”

தனசேகரன் அவளுடைய விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தான். இரண்டு வாரமாக அவள் இரண்டு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ரத்தச் சோதனை எதுவும் கிடையாது, ஏனென்றால் ரிஜிஸ்டரில் அவள் மாத்திரைக்காரி இல்லை. மைக்ராஸ்கோப்பில் எண்ணினான். ஆறாயிரம் இருக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் ஆயிரத்து நானூறு இருந்தன.

இந்த மாத்திரைக்கு முறிவு ஊசி ஒன்று உண்டு. செஞ்சியில் கிடையாது. சென்னையில் வாசுபூஜ்யனின் அறை அலமாரியில் எட்டுக் குப்பி இருந்தது. சீக்கிரம் போட்டால் பிழைப்பார்கள். தள்ளிப் போட்டால் ஊசியும் தண்ணீரும் ஒன்று. தபாலாபீசுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். டிரங்க் கால் போட்டால் ஒரு மணி நேரத்தில் சென்னை கிடைக்கும்.

போட்டால் என்ன சொல்ல வேண்டும்? மாத்திரை சாப்பிடாமலே ஆறிய பெண் மாத்திரை சாப்பிட்டுத்தான் ஆறினாள் என்று சொல்ல வேண்டும். அவன் மடித்து வைத்திருந்த தாள் அப்படியே திரும்பி வாசுபூஜ்யனின் கைக்குப் போய்விடும். அரை மாத்திரைக்காரிக்கும் ஆறியது, திருட்டு மாத்திரைக்காரிக்கும் ஆறியது என்றால் மாத்திரைக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? ஜப்பானுக்கு இவனே மாலை போட்டு அனுப்பினதாகும்.

நாளை மத்தியானம் சொன்னால் என்ன என்று தோன்றியது. மாத்திரையை நிறுத்தினாலே பல பேருக்குத் தேறிவிடுகிறது. ஒரு நாள்தானே.

“இன்னைலேர்ந்து ஒரு மாத்திரை தொடக் கூடாது. உப்புத் தண்ணி கொப்புளிச்சுக்கினு வீட்டுல கெட,” என்றான் மாரியம்மாளிடம். ருக்மணி அம்மாளிடம், “வாசுகிட்ட நானே பேசிக்கிறேன்,” என்றான். மீனம்பாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். இரண்டு மணி பஸ்ஸில் சென்னைக்கு ஏறிவிட்டான்.

கூட்டத்தில் வாசுபூஜ்யன் லண்டன் இங்கிலீஷில் முக்கால் மணி நேரம் பேசினான். தனசேகரன் பத்து நிமிஷம் பேசினான். இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நடுங்கும் என்று எதிர்பார்த்திருந்தான். நடுங்காதது அவனுக்கே ஆச்சரியம். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் ஆதாரம் சேரும்வரை புதிதாக யாருக்கும் மாத்திரை வேண்டாம், மாநாட்டுக் கட்டுரையையும் தள்ளி வைக்கலாம் என்றார்.

வெளியே வரும்போது படிக்கட்டில் வாசுபூஜ்யன் அவன் தோளைத் தொட்டான்.

“நல்லாப் பேசினே தனசேகரா. எனக்குத் தோணாதது உனக்குத் தோணியிருக்கு. சித்திய வச்சு நான் ரொம்பத்தான் ஆசப்பட்டுட்டேன்.”

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். படிக்கட்டில் வேறு யாரும் இல்லை. தனசேகரன் வாயைத் திறந்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றான்.

பாரிமுனையில் ஒரு காபி குடித்தான். அந்த ருசி வேறு எந்தக் காபிக்கும் இருந்ததில்லை. திண்டிவனம் தாண்டும்வரை நாக்கில் இருந்தது.

வியாழக்கிழமை காலை மாட்டுவண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மாரியம்மாளின் புருஷன் பச்சமுத்து அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து நெருப்பா கொதிக்குது டாக்டரு. ஆளு தெரியாம ஒளறுது. நேத்தே ஓட்டியாந்தேன், நீ பட்டணம் போயிட்டன்னாங்க.”

ஜுரம் நூற்று நாலு. வெள்ளை அணுக்கள் அறுநூறு. மைக்ராஸ்கோப்பில் தேடித் தேடித்தான் கண்ணில் பட்டன. தனசேகரன் தபாலாபீசுக்கு ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். லைன் கிடைத்ததும் நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னான். எந்த நாள் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாசுபூஜ்யன் ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. “வேற எந்த மருந்தும் குடுக்காதே. நான் வரேன்,” என்று வைத்துவிட்டான்.

இரண்டரை மணிக்கு அவன் கார் வந்தது. அவனே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குப்பிகளை ஐஸ் பிளாஸ்கில் வைத்து மடியிலேயே கொண்டுவந்தானாம். ஊசியையும் அவனே போட்டான். மாரியம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“சின்ன நயினாரா?”

கட்டிலில் கிடந்தவள் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் நிற்கும்போது தான் படுத்திருக்கக் கூடாது என்பது அந்த ஜுரத்திலும் அவளுக்கு மறக்கவில்லை. வாசுபூஜ்யன் தோளைப் பிடித்து அழுத்தி, “படு, படு,” என்றான்.

தனசேகரன் காலடியில் நின்றுகொண்டிருந்தான். தன்னால் சாகக் கிடக்கிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்திலும் அவனுக்கு எரிந்தது. அவன் அவள் தெருக்காரன். அவனைக் கண்டு அவள் ஒரு நாளும் எழுந்திருக்கப் பார்த்ததில்லை.

அறைக்குள் வந்ததும் வாசுபூஜ்யன் நாற்காலியில் சரிந்தான்.

“என் தப்பு. சித்தி ராத்திரி சாப்புட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்? லண்டன்ல எழுதின திட்டத்த அப்படியே மேல்சித்தாமூருக்குக் கொண்டாந்துட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “உனக்கு எப்பத் தெரிஞ்சது?”

“இன்னைக்குக் காலைல. வண்டியில வந்ததும்.”

“ரிஜிஸ்டரக் குடு. எவ்வளவு வேகமாக் கொறஞ்சிருக்குன்னு பாத்தாதான் அடுத்த ஊசி எத்தனைன்னு சொல்ல முடியும்.”

வேறு டாக்டராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். தனசேகரன் எடுத்துக் கொடுத்தான். மாரியம்மாள் பெயருக்கு நேரே வியாழன், அறுநூறு. அதற்கு மேலே செவ்வாய், ஆயிரத்து நானூறு. இரண்டும் தனசேகரனின் கையெழுத்து. வாசுபூஜ்யனின் விரல் மேல் வரியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மீனம்பாள் ட்ரேயோடு உள்ளே வந்து, அப்படியே திரும்பிப் போனாள்.

வாசுபூஜ்யன் ரிஜிஸ்டரை மூடி மேசை மேல் வைத்தான். குரல் உயரவில்லை.

“தலைவருக்கு ஒரு கடிதம் போகணும். ரெண்டு பேரையும் கணக்குலேர்ந்து எடுத்துடணும். நீயே எழுது.” எழுந்து நின்றான். “இன்னைக்குக் காலைல தெரிஞ்சதுன்னே எழுது. போதும். ரிஜிஸ்டர வாங்கி யாரும் பாக்கப் போறதில்ல.”

நோயாளியிடம் போய்விட்டான்.

தனசேகரன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசுபூஜ்யன் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். புகார் எழுதியிருந்தால் வேலை போயிருக்கும். போகட்டும் என்று காலமெல்லாம் இவனை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். இவன் அதுவும் தரவில்லை. இனி உத்தியோகம் இவன் தயவு. டாக்டர் என்கிற பெயர் இவன் தயவு. எந்தக் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்தாலும் அந்த விரல் அந்த வரியில் நிற்கும். இவன் ஒருநாளும் வாயைத் திறக்க மாட்டான். அவ்வளவு நல்லவன்.

மாரியம்மாளை நினைத்து எழுதியிருந்தால் தனசேகரன் நல்லவன். உண்மையை நினைத்து எழுதியிருந்தால் யோக்கியன். அவன் இரண்டையும் நினைக்கவில்லை. வாசுபூஜ்யனிடம் இதை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது என்று நினைத்தான். பேனாவைத் திறந்தான்.

‘மாரியம்மாள் மாத்திரை சாப்பிட்டது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும். அன்றே ரத்தமும் பார்த்தேன். தெரிந்துகொண்டுதான் புதன்கிழமை கூட்டத்தில் பேசினேன்.’

கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, வார்டுக்குப் போய் வாசுபூஜ்யனிடம் நீட்டினான். அவன் ஒரு கையால் நாடியைப் பிடித்தபடி இன்னொரு கையில் வாங்கிப் படித்தான். நெற்றி சுருங்கியது.

“இது வேணாம் தனசேகரா. கிழிச்சுப் போடு. வேலையே போயிடும் உனக்கு.”

“போவட்டும்.”

“எதுக்குடா இது? நான்தான் சொன்னேனே, நான் யார்கிட்டயும்...”

“அதுக்குத்தான்,” என்றான் தனசேகரன்.

வாசுபூஜ்யனுக்குப் புரியவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். தனசேகரன் அதை அவன் விரல்களிலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு, நாலு மணித் தபாலில் சேர்க்க வெளியே நடந்தான். சனிக்கிழமை ஜுரம் விட்டது. அணுக்கள் இரண்டாயிரத்தைத் தொட்டன. சின்ன நயினாரின் கை பட்டதுமே உடம்பு குளுந்துபோச்சு என்று மாரியம்மாள் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.